பூநாரை பார்க்கப் போவோம்: திருப்பதியிலிருந்து பழவேற்காடு ஏரிக்கரைக்கு ஒரு நாள் பயணம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. முதல் நாள் திருமலை, மறுநாள் திருச்சானூர், அதற்கு மறுநாள் திருக்காளத்தி. சித்தூர் அன்பர்களாக இருந்தால் காணிப்பாக்கம் பிள்ளையார். அதோடு பட்டியல் முடிந்துவிடும். "இங்கே கடல் கிடையாதா தாத்தா?" என்று பேரன் கேட்டால், "அதற்கு மெட்ராஸ்தான் போக வேண்டும்" என்று பதில் சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்தப் பதில் இப்போது செல்லாது. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டமானபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூலூர்பேட்டைப் பகுதி நம்மோடு சேர்ந்தது. ஏழுமலையான் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடைத்தது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும், நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயமும், ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதோடு வந்து சேர்ந்தன. காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் தூரம்தான். ஆனாலும் நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேர்கூட அந்தப் பக்கம் போனதில்லை என்பது விசாரித்தபோது தெரிந்தது. ஆகவே சென்ற தை மாதம் நான்கு குடும்பங்களாக ஒரு வேன் வைத்துக்கொண்டு போய் வந்தோம். பார்த்ததையும் கேட்டதையும், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்குத் தோன்றியதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வழியும் தூரமும்

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, திருக்காளத்தி வழியாக நாயுடுபேட்டை வரை 71ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. தூரம் சுமார் 70 கிலோமீட்டர். அங்கே சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறித் தெற்கே திரும்ப வேண்டும். பழைய ஆட்கள் 5ஆம் எண் சாலை என்பார்கள். இப்போது அதற்கு 16ஆம் எண். சித்தூரிலிருந்து வருபவர்கள் இன்னும் ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் நல்லது.

திருக்காளத்தியைத் தாண்டும்போது வலப்புறம், இடப்புறம் என்று கூடவே வருவது சொர்ணமுகி ஆறு. நம் தேவாரக்காரர்கள் பொன்முகலி என்று அழைத்த அதே ஆறுதான். கண்ணப்பர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போனால் அடுத்த அரை மணி நேரம் போவது தெரியாது.

ரயிலில் வர விரும்புவோருக்கும் வழி உண்டு. சென்னை – கூடூர் ரயில் பாதை ஏரியின் மேற்குப் பக்கமாகவே ஓடுகிறது. தடா, சூலூர்பேட்டை, தொரவாரிசத்திரம், நாயுடுபேட்டை என்று நிலையங்கள் வரிசையாக வரும். சென்னையிலிருந்து சூலூர்பேட்டை வரை புறநகர் மின்ரயிலே வருகிறது. மெட்ராஸ் உறவினரைச் சூலூர்பேட்டை நிலையத்துக்கு வரச் சொல்லி, நாம் வேனில் போய் அங்கே சேர்ந்துகொள்ளலாம். எங்களோடு வந்த ஒரு குடும்பத்தின் சம்பந்தி வீட்டார் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

நேலப்பட்டு: மரமெல்லாம் பறவை

நாயுடுபேட்டைக்குத் தெற்கே, தொரவாரிசத்திரத்துக்கு அருகில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது நேலப்பட்டு. 1976இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 459 ஹெக்டேர். வேடந்தாங்கல் பார்த்தவர்களுக்கு இடத்தின் அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். ஒரு ஏரி, தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் அடுக்குமாடி வீடுபோல் கூடுகள்.

இங்கே ராஜா கூழைக்கடாதான். அலகில் புள்ளி புள்ளியாக இருக்கும் இந்தச் சாம்பல் நிறக் கூழைக்கடா தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மட்டுமே வாழ்வது. உலக அளவில் அழிவை நெருங்கக்கூடும் என்று கவனிக்கப்படும் பறவைகளில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் வந்து கூடு கட்டி, குஞ்சு பொரித்து, கோடை முற்றும் முன் கிளம்பிவிடும். நாங்கள் போனபோது குஞ்சுகள் தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுதாக நுழைத்து மீனை எடுத்துத் தின்றுகொண்டிருந்தன. "அம்மாவையே முழுங்குது பாரு!" என்று கூவிய ஐந்து வயதுப் பேத்தியை அடக்குவதற்குள் அவள் பாட்டிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கூழைக்கடாவைத் தவிர, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், இரவில் இரை தேடும் வக்கா ஆகியவையும் இங்கே கூடு கட்டுகின்றன. பார்வைக் கோபுரம் இருக்கிறது. தொலைநோக்கி ஒன்று கொண்டுபோவது அவசியம். ஒன்று இருந்தால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். இரண்டாக எடுத்துச் செல்லுங்கள்.

பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது சுற்று வட்டார விவசாயிகளின் அனுபவம். ஆகவே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தொந்தரவு செய்வதில்லை. வேடந்தாங்கல் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் காவல் போன்றதுதான் இதுவும். அந்தக் காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரத்திலேயே உதாரணம் உண்டு. கொல்லேறு ஏரிப் பகுதியில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டிய கூழைக்கடாக்கள், மரமும் அமைதியும் போன பிறகு இடத்தையே கைவிட்டுப் போயின. பல ஆண்டுகள் கழித்துத்தான் அட்டபாக்கவில் செயற்கை மேடைகளில் மறுபடி கூடு கட்டத் தொடங்கின. பறவைக்கு ரேஷன் கார்டு கிடையாது. பிடிக்காவிட்டால் கிளம்பிவிடும்.

தண்ணீருக்கு நடுவே ஒரு சாலை

அங்கிருந்து சூலூர்பேட்டை சுமார் 20 கிலோமீட்டர். காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. தெலுங்கில் செங்காளம்மா. இந்தக் கோயிலின் கதவை இரவிலும் சாத்துவதில்லை. ராக்கெட் ஏவுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் இங்கே வந்து கும்பிட்டுப் போவதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சந்திரயான்-3 புறப்படும் முன்பும் அந்த வழக்கம் தவறவில்லை.

சூலூர்பேட்டையிலிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை சுமார் 18 கிலோமீட்டர். இந்தச் சாலைதான் பயணத்தின் சிகரம். ஊர் முடிந்ததும் ஏரிக்கு நடுவே கரை கட்டிப் போட்ட சாலை தொடங்குகிறது. இருபுறமும் தொடுவானம் வரை தண்ணீர். கரையோரமாகவே நெட்டைக்கால் உள்ளான், சின்னக் கொக்கு, சாம்பல் நாரை, மஞ்சள் மூக்கு நாரை, ஊசிவால் வாத்து எல்லாம் நிற்கும். அவற்றுக்கு அப்பால், தூரத்தில், தண்ணீரின் மேல் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும். முதலில் ஏதோ துணி உலர்த்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம். தொலைநோக்கியில் பார்த்தால் அந்தக் கோடு முழுவதும் பூநாரைகள்!

பூநாரையைப் பற்றிப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே தருகிறேன். உங்கள் பிள்ளைகளும் இதையேதான் கேட்பார்கள். நிறம் எங்கிருந்து வருகிறது? அது தின்னும் நுண்ணிய இறால் வகைகளிலும் பாசியிலும் உள்ள சத்திலிருந்து. கேரட்டில் இருக்கும் நிறச்சத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்தான். சில வருடம் போன பிறகே சிவக்கும். ஏன் தலைகீழாகக் கவிழ்ந்து நிற்கிறது? அதன் அலகு சல்லடை போன்றது. காலால் சேற்றைக் கலக்கி, அலகைக் கவிழ்த்துத் தண்ணீரை உறிஞ்சி, நாக்கால் வெளியே தள்ளி, இரையை மட்டும் வடிகட்டிக்கொள்கிறது. நம் வீட்டில் காப்பி டிகாக்ஷன் வடிகட்டுவதுபோல என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று. பூநாரை சைபீரியாவிலிருந்து வருகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தியாவில் அது கூட்டம் கூட்டமாகச் சேற்று மேடை கட்டி முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் ரண் பகுதி. அங்கே ஒரு ஜோடிக்கு ஒரே ஒரு முட்டைதான். ஐப்பசி முதல் பங்குனி வரை இங்கே பார்க்கலாம். தையும் மாசியும் மிக உகந்த மாதங்கள். ஆந்திர அரசு பூநாரைத் திருவிழா என்றே ஒன்றைச் சூலூர்பேட்டையில் நடத்திவருகிறது. சில ஆண்டுகள் நின்றிருந்து 2025 ஜனவரியில் மறுபடி நடந்தது. விழா நாளில் கூட்டம் அதிகம். பறவை பார்க்க வேண்டும் என்பவர்கள் வேறு ஒரு வார நாளில் போவது மேல்.

வழியில் அடகானிதிப்ப என்று ஓர் ஊர் வரும். தெலுங்கில் திப்ப என்றால் நம் தமிழில் திட்டு. ஏரிக்குள் இப்படித் திட்டு திட்டாக ஊர்கள் இருக்கின்றன.

ராக்கெட் தீவு

சாலை முடியும் இடத்தில் ஸ்ரீஹரிகோட்டாவின் வாயில். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. 1969இல் இந்தத் தீவு ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9ஆம் தேதி ரோகிணி-125 என்ற சிறிய ராக்கெட்டுடன் பணி தொடங்கியது. 1980 ஜூலை 18ஆம் தேதி நம் அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி-3 இங்கிருந்துதான் ரோகிணி செயற்கைக்கோளை மேலே கொண்டுபோயிற்று. 2002இல் சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர் சூட்டப்பட்டது. சந்திரயான்-3 புறப்பட்டது 2023 ஜூலை 14.

ஏன் இந்த இடம்? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி ஏவினால் அந்தச் சுழற்சி வேகம் இலவசமாகக் கிடைக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் அந்த லாபம் இன்னும் கூடுதல். கிழக்கே கடல் என்பதால் கழன்று விழும் பாகங்கள் யார் தலையிலும் விழாது. இவையெல்லாம் சரிதான், அதோடு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. தீவு ஆளில்லாமல் கிடக்கவில்லை. யானாதிகள் என்ற பழங்குடி மக்கள் தலைமுறைகளாக அங்கே மீன் பிடித்தும், காட்டுப் பொருள் சேகரித்தும் வாழ்ந்தவர்கள். ஏவுதளத்துக்காக இடம் பெயர்ந்தவர்கள் அவர்கள். ராக்கெட்டைப் பார்த்துக் கைதட்டும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைப்பது நியாயம்.

ஏவுதலை நேரில் பார்க்க 2019 முதல் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் இருக்கிறது. முன்கூட்டியே பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

படகில் இரண்டு மணி நேரம்

மதியச் சாப்பாட்டை வேனிலேயே முடித்துக்கொண்டு தெற்கே தடாவுக்கு வந்தோம். நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் ஸ்ரீசிட்டிக்கும் தடாவிலிருந்துதான் வழி. நாங்கள் எதிர்ப்பக்கமாக, கிழக்கே ஏரிக்கரைக்குத் திரும்பினோம். பீமுலவாரிபாளையத்தில் படகுத்துறை இருக்கிறது.

படகுக்காரர் நடுத்தர வயதுக்காரர். தெலுங்கில் பேசத் தொடங்கினோம். நாங்கள் எங்களுக்குள் தமிழில் பேசுவதைக் கேட்டதும், "தமிழ்க்காரங்களா? அப்ப தமிழ்லயே பேசுங்க ஐயா" என்றார். ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொள்ளும் வரை என்ஜினைத் தொடவில்லை. எங்களோடு வந்த ஒரு மாமி, "இடுப்பளவு தண்ணிக்கு எதுக்குப்பா இது? புடவை கசங்குதே" என்றார். "புடவையை இஸ்திரி போட்டுக்கலாம் அம்மா" என்றார் அவர். மாமி மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, இதே ஏரியின் தெற்குக் கோடியில் பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போன 22 பேர் மூழ்கி இறந்தார்கள். அதிகம் பேரை ஏற்றியதும், உயிர்காப்பு அங்கி இல்லாததும் சேர்ந்து செய்த கொடுமை அது. அதன் பிறகு தமிழ்நாட்டுப் பக்கம் உல்லாசப் படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் முகத்துவாரத்துக்கு அருகில் ஆழமும் இழுப்பும் வேறு. குடும்பத்தோடு போகிறவர்கள் இந்தத் தேதியை மறக்கக் கூடாது.

படகு நகர்ந்தது. ஆலாப் பறவைகள் தலைக்கு மேலே வட்டமிட்டன. ஒரு செம்பருந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் இறங்கி மீனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கருட தரிசனம் என்று பாட்டிமார்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தூரத்தில் இரக்கம் தீவு. அங்கே ஒரு ஊரே இருக்கிறது, போக்குவரத்து படகில்தான். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ என்றால், தண்ணீரைக் கடந்தாக வேண்டும். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் சலித்துக்கொள்ளும் நம் பிள்ளைகள் அதைக் கேட்டு வாய் பிளந்தார்கள்.

ஓரிடத்தில் ஆண்களும் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடி வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட, கழுத்திலோ வாயிலோ கவ்விய ஒரு பை. முழு நாள் உழைப்பு அந்தப் பைக்குள்.

எல்லைக்கோடு நிலத்தில்தான்

ஆந்திரக் கடற்கரையின் தென்பகுதியில் பட்டபு என்று அழைக்கப்படும் மீனவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டினவர்களின் உறவு என்று சொல்லத்தக்கவர்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு கலந்த தமிழ். பள்ளியில் படிப்பதும் எழுதுவதும் தெலுங்கு. நம் சங்கக் கூட்டங்களில் நாம் ஒவ்வொரு முறையும் பேசும் கவலை, "பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியவில்லை" என்பதுதானே? பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லாமலே அந்தப் பேச்சைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஏழைச் சனங்கள் நம் மாவட்டத்துக் கடற்கரையிலேயே இருக்கிறார்கள்.

மாநில எல்லை பற்றி நம் மூத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. அதன் பெரும்பகுதி அதுவரை வட ஆற்காட்டில் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பிறகு படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழகத்துக்குப் போய், சத்தியவேடு பக்கம் ஆந்திரத்துக்கு வந்ததும் நம் குடும்பக் கதைகளோடு கலந்தவை. நிலத்தில் கோடு போட்டாகிவிட்டது. ஏரியில் அந்தக் கோடு யார் கண்ணுக்கும் தெரியாது. மீனுக்கும் தெரியாது. அதனால் இரு மாநில மீனவர்களுக்கும் இடையே அவ்வப்போது தகராறு வருவதும், வலைகள் பறிபோவதும், பேச்சுவார்த்தை நடப்பதும் இன்றளவும் உண்டு.

மீனவர்களிடம் தங்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. பாடு முறை என்பார்கள். ஏரியின் நல்ல இடங்களில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது. வரிசை தவறாமல் ரயிலுக்குச் சிக்னல் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு. சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்த முறை, இருக்கும் மீனை அடித்துக்கொள்ளாமல் பங்கிட்டுக்கொள்ள வழி செய்திருக்கிறது.

நேரம் இருப்பவர்கள் மறுநாள் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஊருக்கே போகலாம். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை வியாபாரத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். துணி ஏற்றுமதியானது, அடிமைகளாக மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். கோட்டை இடிந்துவிட்டது, கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் தூண்களைப் பார்த்தால் பிள்ளைகள் சீக்கிரம் மறக்கமாட்டார்கள். ஏரியின் வடக்கே துர்க்கராஜபட்டினத்தில் ஆங்கிலேயர் ஒரு சிறு பண்டகசாலை வைத்திருந்தார்கள். ஆர்மகான் என்பது அவர்கள் வைத்த பெயர். அங்கே பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் டேதான் 1639இல் தெற்கே நகர்ந்து சென்னைக்கு அடிக்கல் நாட்டினார். அந்த வகையில் மெட்ராஸ் பட்டினத்துக்கே இந்தக் கரை மூத்த அக்காள்.

ஏரிக்குள்ளேயே பக்கிங்காம் கால்வாய் போகிறது. 1806 வாக்கில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, வடக்கே பழவேற்காடு வரை நீண்டு, 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக மேலும் வெட்டப்பட்டது. ஒரு காலத்தில் சென்னையின் அடுப்பெரித்த சவுக்கு விறகும், உப்பும் இந்தக் கால்வாய்ப் படகுகளில் போனவை. ரயிலும் லாரியும் வந்து அதன் பிழைப்பைக் கெடுத்தன. அதில் எங்கள் இலாகாவுக்கும் பங்கு உண்டு!

ஏரிக்கு மூச்சு முட்டுகிறது

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இது. உப்புநீர் என்று சொன்னாலும், கடல்நீரும் மழைநீரும் கலந்த நீர். நம் பிச்சாட்டூர் அணை வழியாக வரும் ஆரணி ஆறும், காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இறாலின் குஞ்சு கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. ஆக, முகத்துவாரம்தான் ஏரியின் மூக்கு. அது அடைத்தால் மூச்சு நின்றது என்று அர்த்தம்.

தெற்கே பழவேற்காடு, வடக்கே ராயதொருவு, கொண்டூருபாளையம் என மூன்று இடங்களில் முகத்துவாரங்கள். நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகின்றன; ஆண்டு மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். சென்னைத் துறைமுகச் சுவர் கட்டியதும் தெற்கே மெரினா மணல் அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் இதனால்தான். இந்த மணல் முகத்துவாரத்தில் திட்டாகப் படிகிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் அது உடைத்துக்கொண்டு போகும். மேலே அணைகளும் தடுப்புகளும் வந்து, வெள்ளம் குறைந்தால் மணல் அப்படியே நிற்கும். கோடையில் ஏரியின் வடபகுதி வெடித்த களிமண் தரையாகக் கிடப்பதை ஸ்ரீஹரிகோட்டா சாலையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

அந்தச் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருப்புப் பாதைப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு எந்தக் கரையைப் பார்த்தாலும் கண் முதலில் தேடுவது அடியில் தண்ணீர் போக எத்தனை கண் விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். மழைக்காலத்தில் நள்ளிரவு ரோந்து போய், பாலத்தடியில் தண்ணீர் எந்தக் குறிக்கு ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துப் பழகிய புத்தி அது. கரை என்பது ஒரு சுவர். எவ்வளவு தண்ணீர் வரும், எந்தத் திசையில் போகும் என்று கணக்கிட்டுப் போதுமான பாலமும் கல்வர்ட்டும் வைத்தால்தான் இருபக்கத் தண்ணீரும் ஒன்றாக இருக்கும். ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலைகள் நீரோட்டத்தைத் தடுத்து வண்டல் படியக் காரணமாயின என்று ஏரியை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ராக்கெட்டுக்குச் சாலை வேண்டும், அதில் சந்தேகமில்லை. கண்களை அதிகமாக்குவதும், இருக்கும் கண்களை அடைக்காமல் பார்த்துக்கொள்வதும் பெரிய வித்தை அல்ல. ரயில்வேயில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் செய்யும் வேலைதான்.

மூன்றாவது தொல்லை இறால் பண்ணைகள். 1990களில் இந்தக் கரை முழுவதும் இறால் குட்டைகள் முளைத்தன. இதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனவர் ஒரு தமிழர். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். நாகப்பட்டினம் பக்கத்து ஏழை விவசாயிகளுக்காக அவர் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கட்டக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு பெயர் சொல்லியே விதித்தது. நேலப்பட்டுச் சரணாலயமும் அதில் சேர்த்தி. காந்தி வழியில் நின்ற ஒரு தஞ்சைப் பகுதிக் கிழவரின் பிடிவாதத்தால் நம் ஊர்க் கூழைக்கடாவுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் 2008இல் மாற்று நோபல் எனப்படும் உலக விருதைப் பெற்றார்கள். தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. கரையில் அதைக் காப்பது பார்க்கிறவர்கள் கண்ணில்தான் இருக்கிறது.

படகுக்காரரிடம் கேட்டேன்: "உங்க பையனும் இந்தத் தொழிலுக்கு வருவாரா?" அவர் சிரித்தார். "அவன் கம்பெனி வேலைக்குப் போறான் ஐயா. தண்ணி இருந்தா மீன் இருக்கும், மீன் இருந்தா பறவை இருக்கும், பறவை இருந்தா நீங்க வருவீங்க. தண்ணியே போச்சுன்னா எனக்கு என்ன வேலை?" என்றார். நான் இவ்வளவு பக்கம் எழுதியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

காலை 5 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் நேலப்பட்டு சேரலாம். முற்பகலில் ஸ்ரீஹரிகோட்டா சாலை, பிற்பகலில் படகு என்று வைத்துக்கொள்வது சௌகரியம். மழை பொய்த்த ஆண்டில் பறவை குறைவாக இருக்கும், விசாரித்துவிட்டுப் போகவும்.

படகு ஓடுகிறதா என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் வற்புறுத்த வேண்டாம். அங்கி இல்லாத படகில் ஏற வேண்டாம்.

புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் நிறையத் தேவை. ஏரி நடுவில் எல்லாமே தண்ணீர், குடிக்க ஒரு சொட்டுக் கிடையாது. பிளாஸ்டிக் தாளும் பாட்டிலும் திரும்பி வேனிலேயே வரட்டும்.

பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம். ஹாரன் அடிப்பது, கல் எறிவது, பூநாரை பறந்தால் போட்டோ நன்றாக இருக்கும் என்று கைதட்டுவது, எதுவும் கூடாது. ஒருமுறை பறக்கவிட்டால் அது தின்ற இரை வீண்.

சாலையோரத்தில் மீனவப் பெண்கள் நண்டும், மடவை மீனும், இறாலும் விற்பார்கள். சாப்பிடும் வழக்கம் உள்ளவர்கள் அவர்களிடமே வாங்குங்கள். பேரம் அதிகம் வேண்டாம். தமிழில் விலை கேட்டுப் பாருங்கள். அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கவே போகலாம்.

அடுத்த தை மாதம் சங்கத்தின் சார்பிலேயே இரண்டு பஸ் வைத்துப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று செயற்குழுவுக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். பார்த்த பறவைகளின் பெயரைத் தமிழில் எழுதி வரும் பிள்ளைக்கு ஒரு பரிசு வைக்கலாம். கூழைக்கடா என்று பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொண்டால் தமிழ் வகுப்புக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா? விருப்பமுள்ள குடும்பங்கள் கார்த்திகைக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுவோம்.